கூந்தன்குளத்துக்குக் கேமராவோடு வருகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்குநேரி, மூலைக்கரைப்பட்டி வட்டாரத்துக் குளக்கரைகளில் கேமராவோடு திரிகிற ஆட்கள் கொஞ்சப் பேர் இருக்கிறோம். முழுநேரமாக இதையே செய்பவர்கள் எங்களில் குறைவு. கல்யாண வீட்டுப் படம் எடுப்பவர், பள்ளிக்கூட வாத்தியார், சொந்த வயல் பார்ப்பவர் என்று கலந்து கிடக்கிறோம். வெளியூரிலிருந்து வருகிறவர்களும், புதிதாகக் கேமரா வாங்கிய எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே எழுதி, தெரிந்த பதிலைக் கீழே சேர்த்திருக்கிறேன்.

கூந்தன்குளமும் கூடங்குளமும் ஒண்ணுதானா அண்ணாச்சி? மேப்பு அங்கதான் கூட்டிட்டுப் போகுது.

இல்லை. கூடங்குளம் ராதாபுரம் வட்டத்தில் கடலோரம் இருக்கிறது, அணுமின் நிலையம் உள்ள ஊர். கூந்தன்குளம் நாங்குநேரி வட்டத்தில், மூலைக்கரைப்பட்டிக்குப் பக்கத்தில், வயலும் குளமும் சூழ்ந்த சிறிய ஊர். திருநெல்வேலியிலிருந்து 40 கிலோமீட்டருக்குள் வந்துவிடலாம். மேப்பில் ‘கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம்’ என்று முழுப்பெயரையும் போட்டுத் தேடுங்கள்.

கூந்தன்குளம், காடன்குளம் என்ற இரண்டு குளங்களும் சேர்ந்ததுதான் சரணாலயம். பரப்பு 129.33 ஹெக்டேர். 1994-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த அறிவிப்பு வந்தது. ஆனால் அரசாங்கம் அறிவிப்பதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஊர்க்காரர்கள்தான் பறவைகளைக் காத்து வந்தார்கள். இந்தப் பக்கத்தின் பாதிக் கேள்விகளுக்கு விடை அதில்தான் இருக்கிறது.

எந்த மாசம் வந்தா பறவை நிறைய இருக்கும்?

எந்தப் பறவை வேண்டும் என்பதைப் பொறுத்தது. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன், வரித்தலை வாத்து போன்ற வலசை வாத்துகளைப் பார்க்க வேண்டுமானால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வாருங்கள். மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள்மூக்கன் ஆகியவை கூடு கட்டிக் குஞ்சு வளர்ப்பதைப் பார்க்க ஜனவரி முதல் மே வரை நல்ல காலம். பிப்ரவரியில் வந்தால் இரண்டிலும் கொஞ்சம் கிடைக்கும்.

பூநாரையைக் கேட்டு நிறையப் பேர் வருகிறார்கள். சில ஆண்டு வரும், சில ஆண்டு வராது. தண்ணீர் வற்றி ஆழம் குறைந்த பிறகுதான் அதற்கு மேய வசதி. அதை மட்டும் நம்பி டிக்கெட் போடாதீர்கள்.

தேதி எல்லாம் சரியாப் பார்த்துத்தான் வந்தோம். குளத்துல தண்ணியே இல்லையே?

இங்கே காலண்டரைவிட மழைதான் கணக்கு. ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து, மணிமுத்தாறு அணையிலிருந்து கால்வாயிலும் தண்ணீர் வந்தால் குளம் பெருகும். குளம் நிறைந்து வழிந்து மறுகால் பாய்ந்த வருஷம் என்றால் கேட்கவே வேண்டாம், மரத்துக்கு மரம் கூடு இருக்கும். மழை பொய்த்த வருஷத்தில் பறவைகள் தாமதமாக வரும், சில வருஷம் கூடு கட்டாமலேயே போய்விடும்.

அதனால் கிளம்புவதற்கு முன்னால் ‘பறவை வந்திருக்கா?’ என்று கேட்பதோடு ‘குளம் பெருகியிருக்கா?’ என்றும் கேளுங்கள். எங்கள் பக்கத்துப் படக்காரர்களிடம் கார்த்திகையிலேயே பேச்செல்லாம் மடை, மறுகால், பிசான நடுகை (பருவமழையை ஒட்டிய நெல் நடவு) என்றுதான் இருக்கும். பிசான நெல் நட்டிருக்கிறார்கள் என்றாலே குளத்தில் தண்ணீர் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

காலையில எத்தனை மணிக்கு வரணும்? எந்தக் கரையில நிக்கணும்?

விடியும்போது கரையில் இருங்கள். திருநெல்வேலி வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பது மணிக்கு மேல் தண்ணீர்ப் பரப்பில் கானல் எழும்ப ஆரம்பித்துவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு விலை கொடுத்த லென்ஸாக இருந்தாலும் தூரத்துப் பறவை கலங்கித்தான் தெரியும். சாயங்காலம் நாலரைக்கு மேல் மறுபடி வெளிச்சம் இறங்கும்.

காலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி கிழக்குப் பக்கமும், மாலையில் மேற்குப் பக்கமும் நில்லுங்கள். எதிர்வெளிச்சத்தில் உருவம் மட்டும் கருப்பாக வர எடுக்க ஆசைப்பட்டால் இதையே மாற்றிப் போடுங்கள். உடைமரத்து உச்சியில் நாரை நிற்கிற படத்துக்கு அதுதான் பொருத்தம்.

எங்கிட்ட மொபைல்தான் இருக்கு. வந்தா வேஸ்ட்டா?

இல்லவே இல்லை. சரணாலயங்களிலேயே மொபைலுக்கு ஒத்த இடம் இதுதான். ஊருக்குள் வீட்டுப் புறவாசல் மரங்களில் கூடு இருக்கிற வருஷத்தில், தெருவில் நின்றபடியே வீடும் மரமும் பறவையும் ஒன்றாக வரும் படம் கிடைக்கும். பெரிய லென்ஸ் வைத்திருப்பவர் அந்தப் படத்தை எடுக்க முடியாமல் திணறுவார்.

ஒரு பைனாகுலர் இருந்தால் அதன் கண்ணாடியில் மொபைலை வைத்தும் எடுக்கலாம். கை ஆடாமல் இருக்க ஏதாவது தூணில் சாய்ந்துகொள்ளுங்கள். மொபைலின் ஜூமை முழுதும் இழுத்து எடுப்பதைவிட இதில் இறகு தெளிவாக வரும். மற்றபடி பறவையை நெருங்கிப் போய் மொபைலில் எடுக்க முயல வேண்டாம்.

லென்ஸ் வாங்கலாம்னு இருக்கேன். எது வாங்க?

கூழைக்கடா, நாரை எல்லாம் பெரிய உடம்பு. 70-300 மி.மீ. லென்ஸே ஊருக்குள் போதும். குளத்து நடுவில் மிதக்கும் வாத்துகளுக்கு 150-600 அல்லது 200-600 தேவைப்படும். புதிதாக ஆரம்பிப்பவர் கடன் வாங்கி 600 வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. முதல் ஒரு பருவத்தை இருக்கிற லென்ஸோடு ஓட்டுங்கள். உங்களுக்குப் பறவையின் முகம் பிடிக்கிறதா, பறவை வாழ்கிற இடம் பிடிக்கிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும். பின்னதுதான் பிடிக்கிறது என்றால் பெரிய லென்ஸ் தேவையே படாது.

வெள்ளைப் பறவை எல்லாம் வெளுத்துப்போய் இறகே தெரியாம வருதே, ஏன்?

கேமரா காட்சி முழுவதையும் சராசரியாகக் கணக்குப் போடுகிறது. கருத்த தண்ணீருக்கு நடுவே ஒரு வெள்ளைக் கரண்டிவாயன் நின்றால், காட்சி இருட்டு என்று நினைத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கூட்டும், பறவை வெளுத்துவிடும். கேமராவில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை -0.7 அல்லது -1 என்று குறையுங்கள். வானத்தில் பறக்கும்போது நேர்மாறு: பின்னால் வானம் வெளிச்சமாக இருப்பதால் பறவை கருத்துப்போகும், +1 வரை கூட்டுங்கள்.

பறக்கும் பறவைக்கு ஷட்டர் 1/2000 வைத்தால் சிறகு நுனி வரை நிற்கும். கூழைக்கடா மெதுவாகச் சிறகடிப்பதால் 1/1000 கூடப் போதும். ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) ஏறினாலும் பரவாயில்லை. படத்தில் புள்ளி விழுந்தால் பிறகு சரிசெய்துகொள்ளலாம், ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

பறவை பேர் தெரியாமலே எடுத்துட்டு இருக்கேன். பேர் தெரிஞ்சே ஆகணுமா?

முதல் நாளே தெரிய வேண்டியதில்லை. ஆனால் பெயரைத் தேடிப் போகும்போதுதான் பழக்கமும் தெரியவரும், பழக்கம் தெரிந்தால்தான் அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே கேமராவைத் தூக்க முடியும்.

மஞ்சள்மூக்கு நாரையை எடுத்துக்கொள்ளுங்கள். அது மீனைக் கண்ணால் பார்த்துக் குத்துவதில்லை. அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டு, இடமும் வலமுமாக அசைத்துக்கொண்டே நடக்கும். காலால் சேற்றைக் கிளறும், சில நேரம் ஒரு பக்கச் சிறகைச் சட்டென்று விரித்து மீனைக் கலைக்கும். அலகில் மீன் பட்ட கணத்தில் வாய் மூடிக்கொள்ளும். இது தெரிந்தவர் அது நடக்க ஆரம்பித்ததுமே தயாராகிவிடுவார், தெரியாதவருக்குத் தலை குனிந்த படம்தான் மிஞ்சும். வெயில் ஏறிய பிறகு கூட்டைப் பார்த்தால், தாயோ தகப்பனோ சூரியனுக்கு முதுகைக் காட்டி இரண்டு சிறகையும் பாதி விரித்து நிற்கும். கீழே, சிறகின் நிழல் விழுகிற அளவு இடத்துக்குள் குஞ்சுகள் ஒடுங்கிக் கிடக்கும். நிழல் நகர நகரப் பெரிய பறவையும் திரும்பிக்கொள்ளும்.

கூழைக்கடாக் குஞ்சு தீனி வாங்குவதைப் பார்த்தால் முதலில் பயமாகவே இருக்கும். தாயின் அலகுப் பைக்குள் தலையைக் கழுத்துவரை நுழைத்துக்கொண்டு சிறகை அடித்துப் போராடும். சண்டை என்று நினைத்துவிடாதீர்கள், சாப்பாட்டு நேரம் அது.

வீட்டு மரத்துலயே கூடு கட்டுமாமே, அது எப்படி? பயமே இல்லையா அதுக்கு?

ஆமாம். குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கட்டுவதோடு, ஊருக்குள் வேம்பு, புளி, பூவரசு என்று வீட்டை ஒட்டிய மரங்களிலும் கட்டும். கீழே பாத்திரம் தேய்ப்பார்கள், ஆடு கட்டியிருக்கும், பிள்ளைகள் விளையாடுவார்கள். மேலே நாரை குஞ்சுக்குத் தீனி கக்கிக்கொண்டிருக்கும். மீன் நாற்றமும் எச்சமும் கொஞ்சமில்லை. துணி காயப்போட முடியாது, முற்றத்தைத் தினமும் கழுவ வேண்டும். அத்தனையையும் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கேட்டால், பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த மகள் மாதிரி என்பார்கள் பெரியவர்கள். வந்த பிள்ளையைச் சத்தம் போட்டு விரட்டுவார்களா? தீபாவளிக்கு ஊரில் வெடி போடுவதில்லை என்று வைத்திருக்கிறார்கள். பறவை வருகிற வருஷம் ஊருக்கு நல்ல வருஷம் என்ற நம்பிக்கையும் உண்டு. மழையும் பறவையும் சேர்ந்தே வருகிற ஊரில் அது வெறும் நம்பிக்கை மட்டுமில்லை. எச்சம் கலந்த குளத்துத் தண்ணீரும் வண்டலும் வயலுக்கு உரமாகிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

பயம் இல்லையா என்று கேட்டால், பயம் உண்டு. மேலே காகமும் பருந்தும் குஞ்சைத் தூக்கக் காத்திருக்கும். கீழே மனிதர் நடமாடும் இடத்தில் யாரும் தன்னைத் தொடவில்லை என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டதால் அங்கே கட்டுகிறது. உங்கள் லென்ஸுக்குப் பறவை இத்தனை கிட்டத்தில் கிடைப்பது இந்த ஊர்க்காரர்கள் தேடிவைத்த நம்பிக்கையால்தான்.

அப்ப வீட்டு முற்றத்துல நின்னு எடுக்கலாமா? காசு கேட்பாங்களா?

கேட்டுவிட்டு நில்லுங்கள். “ஆச்சி, மரத்துல உள்ள நாரையைப் படம் எடுத்துக்கிடட்டுமா?” என்றால் பெரும்பாலும் “எடுத்துக்கோ ஐயா” என்றுதான் பதில் வரும், குடிக்கத் தண்ணீரும் வரும். கேட்காமல் புறவாசலுக்குள் போனால் கோபம் வருவது நியாயம்தானே. பெண்கள் குளிக்கிற, துணி துவைக்கிற இடம் அது. முடுக்குக்குள் காரைக் கொண்டுபோய் நிறுத்தி வழியை அடைப்பதும் அப்படித்தான்.

காசை நீட்டாதீர்கள். நீட்டிப் பழக்கினால் நாளைக்குக் காசு கொடுத்தவன் எதையும் செய்யலாம் என்றாகிவிடும். அதற்குப் பதிலாக, எடுத்த படத்தில் நல்லதாக ஒன்றைப் பிரிண்ட் போட்டு அடுத்த தடவை வரும்போது கொடுங்கள். தார்சாவில் (வீட்டின் முன்கட்டில்) சாமி படத்துக்குப் பக்கத்தில் தங்கள் வீட்டு மரத்து நாரையை மாட்டிவைத்திருக்கிற வீடுகள் உண்டு. படம் எடுக்கிறவனுக்கு அதைவிட நல்ல கண்காட்சி எங்கே கிடைக்கும்?

கூட்டையும் குஞ்சையும் எடுக்கக் கூடாதுங்கிறாங்க. ஊர்க்காரங்க தினமும் கூட்டுக்குக் கீழதான இருக்காங்க, நாம நின்னா மட்டும் என்ன?

நல்ல கேள்வி. மேலே சொன்னபடி பறவை பழகியிருப்பது ஊரின் அன்றாட நடமாட்டத்துக்கு. ஆச்சி வாசல் தெளிப்பதும் பையன் ஆடு பத்திக்கொண்டு போவதும் அதற்குத் தெரியும். அவர்கள் நடந்துகொண்டே இருக்கிறார்கள், மேலே பார்ப்பதில்லை. புதிதாக ஓர் ஆள் நேர் கீழே வந்து, அசையாமல் நின்று, நீளமான எதையோ தன்னைப் பார்த்து நீட்டினால் அது வேறு விஷயம். வேட்டையாடும் விலங்கு அப்படித்தான் நிற்கும்.

பறவையே உங்களுக்குச் சொல்லிவிடும். கழுத்தை நீட்டி நிமிர்ந்து உங்களையே பார்த்தால், அடைகாப்பதை விட்டு எழுந்தால், குஞ்சுக்குத் தீனி கொடுப்பதை நிறுத்தினால் நீங்கள் அதிகமாக நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். பின்னால் போங்கள், இன்னும் நிமிர்ந்தே இருந்தால் அந்த மரத்தை விட்டுவிடுங்கள். சித்திரை வெயிலில் தாய் எழுந்து பறந்தால் நிழல் போய்விடும். முட்டையும் சின்னக் குஞ்சும் அந்தச் சூட்டைத் தாங்காது. தாய் இல்லாத நேரத்தைக் காகமும் விடாது.

சட்டமும் இதில் கண்டிப்பாக இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்பதன் விளக்கத்திலேயே பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் வருகின்றன. படம் தெளிவாக வரக் கிளையை வளைத்துக் கட்டுவது, இலையைக் கிள்ளுவது எல்லாம் துப்பாக்கி எடுப்பதோடு சேர்த்துப் பேசப்படுகிற குற்றம். தூரத்திலிருந்து, தாய் நிம்மதியாக இருக்கும்போது, சில நிமிஷத்தில் எடுத்துவிட்டு நகர்வதை நான் தப்பு என்று சொல்லமாட்டேன். கூட்டுக்கு முன்னால் ட்ரைபாட் போட்டு மணிக்கணக்கில் உட்காருவதைத் தப்பு என்றே சொல்வேன்.

கூட்டமா எல்லாம் ஒண்ணா பறக்கிற படம் வேணும். ஒரு கைதட்டு தட்டினா என்ன ஆகிடும்?

தட்டாதீர்கள். வலசை வந்த வாத்து பகலில் தண்ணீரில் சும்மா மிதப்பதாக நமக்குத் தோன்றும். இரவிலும் விடியலிலும் வயலில் மேய்ந்துவிட்டு வந்த ஓய்வு அது. இமயமலையைத் தாண்டித் திரும்பிப் போக உடம்பில் கொழுப்புச் சேர்க்க வேண்டிய வரித்தலை வாத்தைப் பகலெல்லாம் கிளப்பிக்கொண்டே இருந்தால் சேர்த்தது கரைந்துபோகும். ஒருவர் தட்டியதோடு முடிவதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிற ஒவ்வொரு கூட்டமும் ஒரு தட்டு தட்டினால் அந்தக் குளத்தை அவை விட்டுவிடும்.

தட்டாமலே பறக்கும். கரைமேல் ஒரு செம்பருந்து வட்டமடித்தால் போதும், குளமே எழும்பும். வெயில் ஏறி அனல்காற்று கிளம்பும்போது கூழைக்கடாக்களும் நாரைகளும் சிறகை அடிக்காமல் சுற்றிச் சுற்றி மேலே ஏறும். அந்தப் படத்துக்குக் காலை பத்து மணியே சரியான நேரம், வானத்தில் கானல் தொல்லையும் இல்லை. மாலையில் சோளக்குருவிக் கூட்டம் அடையப் போவதற்கு முன்னால் ஆயிரக்கணக்கில் சேர்ந்து வானத்தில் நெளிவதையும் இந்தப் பக்கத்துக் குளங்களில் குளிர்காலத்தில் பார்க்கலாம்.

ட்ரோன் பறக்கவிடலாமா சார்? குளம் மேலேயிருந்து சூப்பரா இருக்கும்.

கூடாது. சரணாலயத்தின் மேல் வனத்துறை அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிடக் கூடாது. கூடு இருக்கும் இடத்தில் அது என்ன செய்யும் என்பதை முன்பே சொன்னதிலிருந்து நீங்களே புரிந்துகொள்ளலாம். இன்னொன்றும் இருக்கிறது. பக்கத்தில் விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் தளம் உள்ளது. இந்த வட்டாரத்தில் ட்ரோனைக் கிளப்பினால் வனத்துறையோடு மட்டும் பேச்சு முடியாது.

குஞ்சு ஒண்ணு மரத்துக்குக் கீழே விழுந்து கிடந்துச்சு. எடுத்து வச்சுக் காப்பாத்தலாமா?

நீங்களாக வைத்துக்கொள்ள வேண்டாம். வைகாசி, ஆனிக் காற்றில் குஞ்சுகள் விழுவது வழக்கம். காலாகாலமாக ஊர்க்காரர்கள் எடுத்துக் காப்பாற்றிய பழக்கம் இங்கே உண்டு. இப்போது விழுந்த குஞ்சுகளைச் சரணாலயத்திலேயே அடைப்புக்குள் வைத்து மீன் கொடுத்து வளர்த்துப் பறக்கவிடுகிறார்கள். நாய் தூக்கிவிடாமல் பார்த்துக்கொண்டு, பக்கத்து வீட்டிலோ வனத்துறை ஊழியரிடமோ சொல்லுங்கள். வாய்க்குள் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அதைக் கையில் வைத்துக்கொண்டு செல்ஃபியும் வேண்டாம்.

கூந்தன்குளம் வறண்டு கிடந்தா வேற எங்க போக?

தாமிரபரணிப் பாசனத்தில் குளத்துக்கா பஞ்சம்? திருநெல்வேலி டவுனிலேயே நயினார்குளம் இருக்கிறது. தெற்கே விஜயநாராயணம் பெரியகுளம், அகலமான நீர்ப்பரப்பு. வயல்வெளிகளில் நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் உழவுக்குப் பின்னாலேயே நடக்கும்.

எனக்குப் பிடித்த இடம் திருப்புடைமருதூர். தாமிரபரணிக் கரையில், நாறும்பூநாதர் கோயிலை ஒட்டிய பழைய மருத மரங்களிலும் இலுப்பை மரங்களிலும் நாரையும் கொக்கும் கூடு கட்டும். 2005-ல் இந்தியாவின் முதல் ‘பாதுகாப்புக் காப்பகம்’ (கன்சர்வேஷன் ரிசர்வ்) என்று அறிவிக்கப்பட்டது அந்த இடம்தான். வெறும் 2.84 ஹெக்டேர். ஊர்க்காரர்கள் முன்னின்று கேட்டு வாங்கிய பாதுகாப்பு அது. அங்கே மரங்கள் உயரம், அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். படம் எடுப்பதற்கு முன் கோயில் வாசலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

நான் பறவை மட்டும்தான் எடுப்பேன். ஆளுங்க பிரேம்ல வந்தா கெட்டுப்போகுதே?

ஆள் இல்லாத பறவைப் படம் எந்தச் சரணாலயத்திலும் கிடைக்கும். இங்கே மட்டும் கிடைப்பது எது என்று யோசியுங்கள். மடையைத் திறக்கிறவர், இடுப்பளவு தண்ணீரில் வலை இழுக்கிறவர், கரைமேல் வாத்து மேய்க்கிறவர், கூட்டுக்குக் கீழே பீடி சுற்றுகிற பெண்கள், பின்னால் நாரை. எங்கள் பக்கத்துப் படக்காரர்களில் நான் மதிக்கிறவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு கட்டத்தில் லென்ஸைச் சின்னதாக மாற்றியவர்கள்தான்.

ஆளை எடுக்கும்போது அனுமதி கேளுங்கள். வலை இழுக்கிறவரைப் பார்த்து ‘மறுபடி ஒருவாட்டி வீசுங்க’ என்று நடிக்கச் சொல்லாதீர்கள், அவர் வேலையாக வந்தவர். சில குளங்களில் மீன் குத்தகை எடுத்தவர்களுக்கும் மீன்தின்னிப் பறவைகளுக்கும் ஒத்துப்போவதில்லை, வெடி போட்டு விரட்டுவதும் உண்டு. அதையும் எடுங்கள். அவர்கள் பக்கத்து நஷ்டத்தையும் கேட்டுவிட்டு எடுங்கள்.

நாங்க எடுக்கிற படத்தால ஊருக்கோ பறவைக்கோ ஏதாவது பிரயோஜனம் உண்டா?

தேதியும் குளத்தின் பெயரும் இருந்தால் உண்டு. ஜனவரியில் நடக்கும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு 2011-லிருந்து நடந்துவருகிறது. தன்னார்வலர்கள் குழுக்களாகப் பிரிந்து குளம் குளமாக எண்ணுவார்கள். பொங்கலையொட்டிப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் உண்டு. படம் எடுப்பவர் ஒருவர் குழுவில் இருந்தால், தூரத்தில் நிற்கும் வாத்துக் கூட்டத்தை எடுத்து வீட்டில் பெரிதாக்கி எண்ணிவிடலாம், சந்தேகமான பறவையை உறுதிசெய்யலாம். ஒரே குளத்தை ஒரே இடத்திலிருந்து வருஷா வருஷம் எடுத்த படம் இன்னும் மதிப்புள்ளது. எந்த மரம் பட்டுப்போனது, தண்ணீர் எங்கே வரை நின்றது, சீமைக்கருவேலம் எவ்வளவு ஏறியது என்று அது சாட்சி சொல்லும்.

அரிய பறவை ஒன்று கூடு கட்டியிருந்தால் மட்டும் இடத்தைச் சொல்லாதீர்கள். மாவட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எல்லாரும் ஒரே நாரையைத்தான எடுக்கோம். இதுல புதுசா என்ன இருக்கு?

மா. கிருஷ்ணன் 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே அமைத்துக்கொண்ட கருவியோடு, கருப்பு வெள்ளையிலேயே காட்டுயிர்களை எடுத்தார். 1996-ல் மறைந்தார். இன்று நம் கையில் இருக்கும் கருவியோடு ஒப்பிட்டால் அவருக்கு எதுவுமே வசதி இல்லை. ஆனால் பார்த்ததை அவர் எழுதியும் வைத்தார். விலங்கு அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தது என்பது அவருக்குப் படத்தின் அழகைவிட முக்கியம்.

அந்த வழியில் போனால் புதிது நிறைய இருக்கிறது. ஒரே ஒரு கூட்டை, தூரத்திலிருந்து, சுள்ளி பொறுக்கும் நாளிலிருந்து குஞ்சு பறக்கும் நாள் வரை தொடருங்கள். எந்த மரத்துச் சுள்ளி, எந்தத் திசையிலிருந்து மீன் வருகிறது, எத்தனை குஞ்சில் எத்தனை தேறியது என்று குறித்துக்கொண்டே எடுங்கள். வாரக் கடைசிக்கு மட்டும் வருகிறவரால் இதைச் செய்ய முடியாது, உள்ளூர்ப் பிள்ளைகளால் முடியும்.

சினிமா, விளம்பரத்துக்கு, யூடியூப் சேனலுக்கு எடுக்கணும்னா?

சரணாலயத்துக்குள் வணிக நோக்கத்தில் எடுப்பதற்கு வனத்துறையின் முன் அனுமதி வேண்டும். முதலிலேயே கேட்டுவிடுங்கள், குழுவோடு வந்து நின்றபிறகு கேட்காதீர்கள். ஊருக்குள் எடுப்பதானால் ஊர்ப் பெரியவர்களிடமும் சொல்லுங்கள். ஒலிபெருக்கி, விளக்கு, ஜெனரேட்டர் எதற்கும் கூடு காலத்தில் இடமில்லை.

கழுத்துல பட்டை போட்ட வாத்து ஒண்ணைப் பார்த்தேன். யாராவது வளர்க்கிறதா அது?

இல்லை. ஆராய்ச்சியாளர்கள் வலசையைத் தெரிந்துகொள்வதற்காகப் போட்ட அடையாளம். வரித்தலை வாத்துக்குக் கழுத்தில் பட்டையும், மற்ற பறவைகளுக்குக் காலில் வளையமோ சின்னக் கொடியோ போடுவார்கள். பட்டையின் நிறம், அதிலுள்ள எழுத்து, எண் மூன்றும் தெரிகிற மாதிரி எடுக்கப் பாருங்கள். கலை நயம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எழுத்து படிக்க முடிய வேண்டும். தலையைத் திருப்பத் திருப்பத் தொடர்ச்சியாகப் பல படம் எடுத்தால் ஒன்றில் ஒரு எழுத்தும் அடுத்ததில் மற்றதுமாகக் கிடைத்துவிடும். கூட எத்தனை வாத்து இருந்தது, குளத்தின் பெயர், தேதி, நேரம் எல்லாவற்றையும் எழுதி மும்பையிலுள்ள பாம்பே இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள், இந்தியாவில் பறவை வளைய விவரங்களைத் தொகுப்பவர்கள் அவர்கள். பதில் வந்தால், கூந்தன்குளத்தில் அந்தப் பறவையை முதலில் காட்டிய வீட்டுக்காரரிடமும் அது எங்கிருந்து வந்தது என்று போய்ச் சொல்லிவிடுங்கள்.